தாளிப்பனைக்குக் கொடுத்த ஒரு வருடம்

ஜேசிபி இயந்திரத்தின் சத்தம் நின்றது. அதை ஓட்டி வந்தவர் கீழே குதித்து, துண்டைத் தலையில் போர்த்திக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். இனி ஓர் அடி கூட முன்னே போக மாட்டேன் என்றார்.

எதிரே ஓடைக்கரையில் ஒற்றை மரம். அதன் உச்சியில், ஓலைகளுக்கும் மேலே, கோயில் தேர் போலக் கிளை கிளையாக விரிந்து பூத்திருந்தது. வெளிர்மஞ்சள் நிறம். அந்தப் பூவைச் சுற்றித் தேனீக்கள். ஆடிக் காற்றிலும் அவற்றின் இரைச்சல் நாங்கள் நின்ற இடத்துக்குக் கேட்டது. தூரத்தில் மாவு மில் ஓடுவது போல இருந்தது.

சந்திரா அக்கா காரிலிருந்து இறங்கிக் கரிசல் கட்டிகளின் மேல் நடந்து வந்தார். அண்ணாந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த வரைபடத்தை வாங்கிக் காரின் முன்பக்கத்தில் விரித்து, ஓர் இடத்தில் விரலை வைத்தார்.

“தம்பி, இதுல பனைன்னு எழுதியிருக்கீக. இது பனையா?”

நான் மறுபடி அண்ணாந்து பார்த்தேன்.

படம் வரைகிறவன்

இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். இந்த வாரம்தான் பக்கத்தைப் புரட்டியவர்களுக்காக ஒரு வரி: நான் பட்டாசுத் தொழிற்சாலைகளுக்கு வரைபடம் போடுகிறவன். எந்த அறையில் மருந்து கலப்பது, எந்த அறையில் அடைப்பது, ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் எவ்வளவு இடைவெளி, வாசல் எந்தத் திசை என்பதையெல்லாம் காகிதத்தில் காட்டினால்தான் உரிமம் கேட்டு எழுதவே முடியும். சிவகாசியைச் சுற்றி இருக்கிற ஷெட்டுகளில் கணிசமானவை முதலில் என் மேசையில்தான் எழுந்தன.

இந்தத் தொழிலில் ஒரு கெடுதல் உண்டு. நிலத்தைப் பார்த்தால் கண்ணுக்கு நிலம் தெரியாது, தூரம்தான் தெரியும். கிணறு, பாறை, மரம் எல்லாமே டேப்பின் குறுக்கே வருகிற தடங்கல்.

ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே இருந்த அந்த நிலத்தை நான் தை மாதம் அளந்தேன். அப்போது மரம் பூக்கவில்லை. மரத்தடியில் காய்ந்து விழுந்த ஓலை ஒன்று கிடந்தது. அதை இரண்டு கம்புகளில் சாய்த்து வைத்து, நானும் டேப் பிடிக்க வந்த இருவரும் அதன் நிழலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டோம். மூன்று பேர், மூன்று தூக்குச்சட்டி, ஒரு தண்ணீர்க் குடம், இவ்வளவும் ஒரே ஓலையின் நிழலுக்குள் அடங்கின. மட்டையின் ஓரத்துப் பல் என் சட்டையைக் கிழித்தது கூட நினைவிருக்கிறது.

அப்படி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய், வரைபடத்தில் ‘பனை 1, அகற்றப்படும்’ என்று எழுதினேன். அந்த எழுத்து என் கையெழுத்துதான். யார் மேலும் பழி போட முடியாது.

பருத்திச் சேலை

சந்திரா அக்காவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அவருடைய கணவர் சிறிய அளவில் பட்டாசு கம்பெனி நடத்தியவர். ஒருநாள் நெஞ்சுவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு, கம்பெனியை விற்றுவிடலாம் என்று உறவுக்காரர்கள் பேசினார்கள். அக்கா அதுவரை ஷெட்டுக்குள் கால் வைத்ததில்லை. அவர் எதிர்த்துப் பேசவில்லை. ஒரு வருடம் கொடுங்கள், நடத்திப் பார்க்கிறேன், சரிவராவிட்டால் நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று மட்டும் கேட்டார். நான் பழகத் தொடங்கியபோது அந்த ஒரு வருடம் பதினாறாகியிருந்தது.

காலையில் வேன் வரும்போது வாசலில் அவர்தான் நிற்பார். நைலான் சேலை கட்டி வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மாட்டார். அலுவலக அறையில் பருத்திச் சேலைகளை அடுக்கி வைத்திருப்பார். மாற்றிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். நைலான் உரசினால் பொறி பிறக்கும், மருந்துக்கு அது போதும். மேற்கே வானம் கறுத்தால் மணியடித்து எல்லோரையும் ஷெட்டை விட்டு வெளியே கொண்டுவந்துவிடுவார். இடி இறங்குவதற்குள் ஒரு ஆள் கூட மருந்துப் பக்கம் இருக்கக் கூடாது. அவசர ஆர்டர், லோடு நிற்கிறது என்று யார் சொன்னாலும் மணி மணிதான். அத்தனை வருடத்தில் அவருடைய ஷெட்டில் யாருக்கும் ஒரு தீக்காயம் பட்டதில்லை.

இப்படிப்பட்டவர் இரண்டாவதாக ஒரு தொழிற்சாலை கட்ட வாங்கிய நிலம்தான் அது.

ஒரே ஒரு தடவை

நான் செல்போனில் மரத்தைப் படம் எடுத்து, விருதுநகரில் கல்லூரி ஒன்றில் தாவரவியல் சொல்லித்தரும் நண்பருக்கு அனுப்பினேன். அவர் பதில் எழுதவில்லை. மூன்று மணி பஸ்ஸில் நேரே வந்து இறங்கிவிட்டார். மரத்தைப் பார்த்ததும் வழுக்கைத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அது தாளிப்பனை. குடைப்பனை என்றும் சொல்வார்கள். அந்தக் காலத்தில் ஏடு எழுத இதன் ஓலையைத் தேடிப் போவார்களாம். மலைக்கு அந்தப் பக்கம் மழைக்காட்டில் இருக்க வேண்டிய மரம், இந்த வறட்சியில் எப்படி வந்தது என்று அவருக்கும் தெரியவில்லை. எங்கேயும் இப்போது அரிதாகிவிட்டது என்றார். காரணமும் சொன்னார். இந்த மரம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். முப்பது வருடமோ, அறுபது வருடமோ, சேர்த்து வைத்த அத்தனையையும் ஒரே பூவில் கொட்டிவிடும். பூ காயாகிப் பழுத்து விழ ஒரு வருடம். அதன்பிறகு மரம் தானே செத்துவிடும். பக்கக் கன்று கிடையாது. பூக்கும் முன்னாலோ காய் பழுக்கும் முன்னாலோ வெட்டிவிட்டால் அந்த வம்சமே அதோடு போச்சு.

பக்கத்து ஊர்க்காரர்கள் சொன்னது அதற்குச் சாட்சியாக இருந்தது. அந்த ஓடை நெடுகிலும் இதே போல ஐந்தாறு மரங்கள் நின்றனவாம். கல் லாரிகளுக்குப் பாதை போட்டபோது இரண்டு போயின. கண்மாய்க் கரையை அகலப்படுத்தியபோது ஒன்று. ஷெட்டுகள் வர வர மற்றவை. எதுவும் பூத்து யாரும் பார்த்ததில்லை. மிச்சம் இது ஒன்றுதான்.

அக்காவின் கணவருக்குத் தம்பி ஒருவர் உண்டு, ஜெயபாண்டி. கம்பெனியில் விற்பனையை அவர்தான் பார்த்தார். அவரும் அங்கே இருந்தார். கெட்டவர் இல்லை. அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

“சாகப்போற மரந்தான மதினி. இன்னிக்குச் செத்தா என்ன, அடுத்த வருசம் செத்தா என்ன?”

 அக்கா தேனீ இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஜேசிபிக்காரரைக் கூப்பிட்டு, வண்டியைத் திருப்பிக்கொள்ளச் சொன்னார்.

“ஒரு வேலய ஆரம்பிச்சிருக்கு. முடிச்சிட்டுப் போகட்டும்.”

காகிதத்தில் இடமில்லை

மரத்தை விட்டுவிட்டு மற்ற இடத்தில் கட்டலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அதைத்தான் நினைத்தேன். மூன்று நாள் உட்கார்ந்து அறைகளை இடமாற்றி வரைந்து பார்த்தேன். நிலம் குறுகல். எழுபது அடிக்கும் மேல் உயரமான மரம், சாகப்போகிற மரம், என்றைக்காவது சாயப்போகிற மரம். அது விழும் தூரத்துக்குள் ஒரு மருந்து அறையும் வைக்க முடியாது. அந்த வட்டத்தை ஒதுக்கினால் பாதித் தொழிற்சாலை காணாமல் போனது. ஆக, ஒன்று மரத்தை வெட்ட வேண்டும், அல்லது ஒரு வருடம் சும்மா இருக்க வேண்டும்.

சும்மா இருப்பது லேசில்லை. அந்தத் தீபாவளி மட்டுமல்ல, அடுத்த தீபாவளி சீசனும் கைவிட்டுப் போகும். வடக்கே இருந்து ஆர்டர் கொடுத்த ஏஜெண்டு ஒருவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். ஜெயபாண்டி இரண்டு வாரம் மதினியோடு பேசவில்லை. நாரணாபுரத்தில் டீக்கடையில் நானே கேட்டேன், சந்திராம்மாவுக்குப் பனமரத்துப் பேய் பிடித்துவிட்டது என்று சிரித்தார்கள்.

உங்கள் கணவர் போனபோது நீங்களும் ஒரு வருடம் கேட்டீர்களே, அந்த நினைவா என்று ஒருநாள் அவரிடம் கேட்டேன். கதை எழுதுகிற புத்தி அப்போதே எனக்கு இருந்திருக்க வேண்டும். அவர் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பாதி வேலையில் எதையும் நிறுத்துவது தனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான் என்றார்.

முத்துமாரி கேட்டது

சிரித்தவர்களைச் சமாளித்துவிடலாம். சிரிக்காமல் வந்தவர்கள்தான் அக்காவைத் திணறடித்தார்கள்.

அந்த ஓடைக்கு அக்கரையில் இருந்த ஊரில் இருந்து இருபது பெண்கள் நடந்தே வந்தார்கள். புதுத் தொழிற்சாலை வந்தால் ஊருக்குப் பக்கத்திலேயே வேலை என்று அக்கா அவர்களுக்குச் சொல்லியிருந்தார். அதுவரை அவர்கள் விடியுமுன் எழுந்து சோறு பொங்கிவைத்துவிட்டு வேன் ஏறித் தொலைவில் இருந்த ஷெட்டுகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவள் முத்துமாரி. முப்பத்தைந்து வயதிருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். சத்தம் போட்டுப் பேசாதவள்.

“மரத்துக்கு ஒரு வருசம் குடுத்திட்டீக. நல்ல காரியந்தான், குத்தம் சொல்லல. எங்களுக்கு என்ன குடுக்கீக?”

அந்தக் கேள்வி சரியான இடத்தில் விழுந்தது. அக்காவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். மரத்தைப் பற்றி எல்லாவற்றையும் யோசித்தவர் இதை யோசிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. எனக்குத் தோணாமப் போச்சு, நாலு நாள் பொறு என்றார்.

நாலாவது நாள் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். ரோட்டோரம், மரத்துக்கு எதிர்க்கோடியில், காகிதக் குழாய் உருட்டுவதற்கு மட்டும் ஒரு கொட்டகை வரையச் சொன்னார். வானத்தில் போய் வெடிக்கிற பேன்சி ரகங்களுக்குத் தடித்த குழாய் வேண்டும். பழுப்புக் காகிதத்தைப் பசை தடவி உருட்டி எடுப்பது. அதில் மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். வெடிமருந்துக்குரிய உரிமத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆவணி முடிவதற்குள் இருபது பேரும் அங்கே உட்கார்ந்து குழாய் உருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

காய் சுமந்த வருடம்

பூ உதிர்ந்தபோது ஓடையில் மணல் தெரியவில்லை. கொட்டகைக்குள்ளும் காற்றில் பறந்து வந்து பசைச் சட்டியில் விழுந்தது. பிறகு பிஞ்சு விட்டது. பட்டாணி அளவு, கோலிக்குண்டு அளவு, பிறகு எலுமிச்சை அளவு. ஆயிரக்கணக்கில், கொத்துக் கொத்தாக. காய் பெருக்கப் பெருக்க ஓலைகள் ஒவ்வொன்றாகத் தொங்கின. மரம் தன்னைத் தின்றுதான் அவற்றை வளர்க்கிறது என்று கல்லூரி நண்பர் சொன்னார். அவர் மாதம் ஒருமுறை வந்து போனார்.

ஐப்பசியில் ஒரு மதியம் பேய்க்காற்று அடித்தது. மேற்கே கறுத்ததும் அக்கா பழைய கம்பெனியில் மணியடித்து ஆட்களை அனுப்பிவிட்டு நேரே இங்கே வந்துவிட்டார். நானும் இருந்தேன். பெண்களோடு கொட்டகையில் நின்று மரத்தைப் பார்த்தோம். அத்தனை காயையும் தலையில் வைத்துக்கொண்டு அது இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. இடி விழுந்தாலும் போச்சு, வேர் அசைந்தாலும் போச்சு. காய் இன்னும் பழுக்கவில்லை. காய் தொங்கிய கிளை ஒன்று மட்டும் முறிந்து ஓடையில் விழுந்தது. மழை விட்டதும் ஜெயபாண்டி நனைந்த சட்டையோடு மோட்டார் சைக்கிளில் வந்தார். மரம் நிக்குதா என்று என்னிடம் கேட்டுவிட்டு, மதினியிடம் பேசாமலே திரும்பிப் போனார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது.

மறு ஆடியில் பழம் விழ ஆரம்பித்தது.

ஒரு முழக் குழாய்

விழுந்ததையெல்லாம் பெண்கள் பொறுக்கிச் சாக்கில் கட்டினார்கள். சதையை நீக்கினால் உள்ளே வழுவழுப்பான விதை, தந்தத்தில் கடைந்தது போல. நாற்றுப் பண்ணைகளில் வைத்திருக்கும் சாண் உயரக் கறுப்புப் பைகளை வாங்கி, செம்மண்ணும் எருவும் நிரப்பி, வரிசையாக விதைத்தோம். முத்துமாரி காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள்.

ஒரு மாதம், இரண்டு மாதம், நான்கு மாதம். ஒரு பையிலும் ஒரு பச்சை தலைகாட்டவில்லை. பொறுங்கள் என்றார் நண்பர். ஆனால் அவர் முகத்திலும் கவலை தெரிந்தது. வருடம் முழுக்கக் காத்தது வீணாய்ப் போனதோ என்று நான் நினைத்தேன். அக்காவிடம் சொல்லவில்லை. அவரும் நினைத்திருப்பார்.

ஒருநாள் முத்துமாரி யாரையும் கேட்காமல் ஒரு பையைக் கிழித்துப் பார்த்துவிட்டாள். பிறகு எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினாள். விதை செத்திருக்கவில்லை. அதிலிருந்து விரல் தடிமனில் வெள்ளையாக ஒன்று நேரே கீழே இறங்கியிருந்தது. பையின் அடியில் முட்டி, வழியில்லாமல் சுருண்டு, நுனி அழுகியிருந்தது. இன்னும் நாலைந்து பைகளைக் கிழித்தோம். எல்லாவற்றிலும் அதே கதை.

“இது மேல வாரதுக்கு முன்னாடி கீள போகணும்ங்குது. நாமதான் அடைச்சு வச்சிட்டோம்” என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் கொட்டகையில் தனியாக உட்கார்ந்து, இருப்பதிலேயே நீளமான குழாய்களை உருட்டினாள். ஒன்று ஒரு முழத்துக்கும் அதிகம். பசை காய்ந்ததும் ஓடை வண்டலை நிரப்பி, சாக்கில் மிச்சமிருந்த விதைகளை ஒவ்வொன்றாக ஊன்றினாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். வானத்துக்கு ஏறுகிற வெடிக்கென்று பழகிய கைகள், மண்ணுக்குள் இறங்குகிற ஒன்றுக்காகக் குழாய் செய்தன. அடிப்பக்கத்தை அடைக்கவில்லை. எவ்வளவு ஆழம் போகிறதோ போகட்டும் என்று திறந்தே விட்டுவிட்டாள்.

படித்தவர் நண்பர், படம் வரைகிறவன் நான், எங்கள் இருவருக்கும் இது தோன்றவில்லை. நண்பர் அதை ஒளிக்காமல் சொன்னார். புத்தகத்தில் படித்திருந்தும் பையின் உயரத்தை யோசிக்காமல் விட்டேன் என்று அவளிடமே சொல்லிக் கைகூப்பினார். அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்த மழைக்குள் எழுபதுக்கு மேல் முளைத்தன. நீண்ட கத்தி போல ஒற்றை இலை. காகிதம் ஊறிக் கரைந்துபோகும் என்பதால் குழாயைப் பிரிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்படியே குழி தோண்டி இறக்கினோம். கல்லூரிக்குச் சில போயின. கோயில் நந்தவனம் ஒன்றுக்குச் சில. மற்றவற்றை ஓடையின் இரு கரையிலும், ஊராட்சியில் சொல்லிவிட்டு, ஷெட்டுகளுக்கு எட்டாத தூரத்தில் நட்டோம். தூரத்தை நான்தான் அளந்தேன்.

பிறகு

தாய்மரத்தின் ஓலைகள் எல்லாம் விழுந்து, மொட்டைத் தண்டு மட்டும் நின்றது. அக்கா அதற்காக அழுதுகொண்டிருக்கவில்லை. அவரே ஜேசிபியை வரவழைத்தார். தண்டு சாய்ந்தபோது உள்ளே வெறும் நாரும் பொடியும்தான் இருந்தது. எல்லாவற்றையும் மேலே அனுப்பிவிட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு மருந்து அறை இருக்கிறது. முதல் வரைபடத்தில் இருந்த அதே அறை. தொழிற்சாலை ஓடுகிறது. முத்துமாரிதான் பெட்டி கட்டும் பகுதிக்குப் பொறுப்பு.

இந்தப் பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் அவள் போன் செய்தாள். நானும் அக்காவும் போனோம். ஓடைக்கரையில் ஒரு கன்று, அதுவரை கத்தி இலையாகவே விட்டுக்கொண்டிருந்தது, முதன்முறையாக விசிறி இலை விரித்திருந்தது. என் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது.

அக்காவுக்கு முழங்கால் வலி. இருந்தும் கரையில் உட்கார்ந்துவிட்டார். கையில் தொடாமல் குனிந்து பார்த்தார். பூக்க எம்புட்டு வருசம் ஆகும்னு சொன்னாக என்று என்னிடம் கேட்டார். முப்பது, நாற்பது, அதற்கு மேலும் ஆகலாம் என்றேன்.  

முத்துமாரி, வேலியில் ஆடு நுழைந்த இடத்தில் முள்ளை இழுத்து வைத்து மிதித்துக்கொண்டிருந்தாள்.

“அது பாட்டுக்கு வளரட்டும்க்கா. மூணு மணிக்கு லோடு போகணும். இன்னும் பாதிப் பொட்டி ஒட்டல” என்றாள்.

அக்கா கையை நீட்டினார். அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள். இருவரும் ஷெட்டைப் பார்த்து நடந்தார்கள். பத்தடி போவதற்குள் அட்டைத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் மட்டும் குனிந்து அந்த இலையின் மடிப்புகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று இருந்தது.